கூனியோடு நிறுத்திவிடாதீர்கள்: வாசகர் வட்டங்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சிங்கப்பூரில் தமிழ் வாசகர் வட்டங்களை நடத்துகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைகளும் காப்பியப் பகுதிகளும் தேர்ந்து கொடுக்கும் தமிழாசிரியர்கள், தமிழ்மொழி விழாவுக்கு நாடகம் எழுதி மேடையேற்றும் குழுவினர் ஆகிய உங்கள் அனைவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் பலரோடு எனக்குப் பழக்கம் உண்டு. வார இறுதி ஓய்வைத் தமிழுக்குக் கொடுக்கிறவர்கள் நீங்கள். வீட்டிலும் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளை ஒரு கதையைத் தமிழில் கடைசிவரை கேட்கவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் மேல் மதிப்பு வைத்துத்தான் கேட்கிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பழைய கதைகளில் உடற்குறையோடு வரும் பாத்திரங்களைப் பாதியில் வெட்டிக் கொடுக்காதீர்கள். எந்த நூல் அவர்களை இழிவாகக் காட்டுகிறதோ, பெரும்பாலும் அதே நூலில் அவர்களை முழு மனிதராகப் பார்க்கும் பகுதியும் இருக்கிறது. நாம் சுருக்கும்போதும் தேர்ந்தெடுக்கும்போதும் முதலாவது தங்கிவிடுகிறது, இரண்டாவது விழுந்துவிடுகிறது.

சிறு வயதில் போலியோ வந்து கால்கள் சூம்பிப்போனவள் நான். காலிப்பர் என்ற கால்தாங்கிச் சட்டம், ஊன்றுகோல், இப்போது சக்கர நாற்காலி என்று வாழ்க்கை போயிருக்கிறது. வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஓடியாட முடியாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் எளிதாகக் கிடைத்த துணை புத்தகம்தான். அதனால் கதைகளில் என்னைப் போன்றவர்கள் எப்படி வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், கடைசியில் என்ன ஆகிறார்கள் என்பதைக் கவனிக்காமல் ஒரு கதையைக்கூட என்னால் படிக்க முடிந்ததில்லை.

கூனியிலிருந்து தொடங்குகிறேன். கம்பராமாயணத்தில் மந்தரை சூழ்ச்சிப் படலம் பேச்சுக்கும் மேடைக்கும் விரும்பி எடுக்கப்படும் பகுதி. ஏன் என்று புரிகிறது. இரண்டு பெண்கள், ஓர் அறை, ஒரு மனம் கண்ணெதிரே திரும்புகிறது. நாடகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கம்பர் அவளை அழைத்து வரும் விதமும் அப்படி:

"இன்னல் செய் இராவணன் இழைத்த தீமைபோல்,
துன்ன அருங் கொடு மனக் கூனி தோன்றினாள்."

இராவணன் செய்த தீமையே உருவெடுத்து வந்ததுபோல் வந்தாள். முதுகும் மனமும் ஒரே அடியில் வருகின்றன. இதை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று இன்னொன்றின் அடையாளம் என்றுதான் தோன்றும். ஆனால் கம்பர் அங்கே நிற்கவில்லை. ஒரு பாட்டு தள்ளி அவள் கோபத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறார்: "பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்." சிறுவனாக இருந்தபோது இராமன் உண்டைவில்லால் அவளை அடித்தான், அதை அவள் மறக்கவில்லை. கம்பருக்கு முன்பே நம்மாழ்வாரும் "கூனே சிதைய உண்டைவில் நிறத்தில் தெறித்தாய்" என்று இந்த விளையாட்டைப் பாடியிருக்கிறார். அரண்மனைச் சிறுவன் ஒருவன், வேலைக்காரக் கிழவியின் வளைந்த முதுகைக் குறிபார்த்து மண்ணுருண்டை எறிகிறான். தெருவில் வளர்ந்த, உடற்குறையுள்ள எவருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் நாடகத்தில் மந்தரையாக நடித்த பெண் முதுகில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் நடந்து வந்த நடைக்கே அரங்கம் சிரித்தது. நன்றாக நடித்தாள், அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் வசனத்தில் உண்டைவில் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. கூன் இருந்தது, கூனுக்கு விழுந்த அடி இல்லை. முடிந்து வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது ஒரு சிறுவன் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். போலியோவால் என் முதுகெலும்பும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அவன் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கற்றுக்கொண்டதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கிட்கிந்தா காண்டத்தில், அரசியற் படலத்தில், முடிசூடிய சுக்கிரீவனுக்கு இராமன் அரசு நடத்தும் முறை சொல்கிறான். அங்கே இந்தப் பாட்டு வருகிறது:

"சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல், மற்று, இந்
நெறி இகழ்ந்து, யான் ஓர் தீமை இழைத்தலால், உணர்ச்சி நீண்டு,
குறியது ஆம் மேனி ஆய கூனியால், குவவுத் தோளாய்!
வெறியன எய்தி, நொய்தின் வெந் துயர்க் கடலின் வீழ்ந்தேன்."

எளியவர் என்று இகழ்ந்து யாருக்கும் நோவு தரும் செயலைச் செய்யாதே. நான் அந்த நெறியை மீறி ஒரு தீமை செய்தேன், அதனால் கூனியின் மூலம் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். நாடிழந்து, தந்தையை இழந்து, மனைவியைப் பறிகொடுத்து நிற்கும் நேரத்தில், இத்தனைக்கும் தொடக்கம் தன் கையில் இருந்த உண்டைவில் என்று காப்பியத் தலைவனே ஒத்துக்கொள்கிறான். அவளைப் பற்றிச் சொல்லும்போதும் உடல் குறுகியவள், ஆனால் அறிவு நீண்டவள் என்று சொல்கிறான். அயோத்தியா காண்டத்தில் கவி சொன்னதைக் கிட்கிந்தா காண்டத்தில் இராமன் திருத்துகிறான் என்றே நான் இதைப் படிக்கிறேன். கற்றவர்கள் வேறு விதமாகவும் படிக்கலாம். ஆனால் படிக்கக் கொடுத்தால்தானே அந்த விவாதமே நடக்கும்? மந்தரையின் வரவைப் பாடமாக வைக்கிற ஒவ்வோர் இடத்திலும் இந்த நான்கு அடிகளையும் பக்கத்தில் வையுங்கள். உயர்நிலை மாணவர்களுக்கு இது கடினமான பாட்டும் அல்ல. கேலி செய்தவன் நாயகன், பட்டவள் வில்லி, பின்னால் நாயகன் தன் தவற்றைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொடுத்தால், வகுப்பறைக் கேலியை தினமும் பார்க்கும் பிள்ளைகள் தாங்களே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

தமிழில் மட்டும் நடப்பதில்லை இது. நூலகத்தின் சிறுவர் பகுதியில் உலகச் செவ்வியல் கதைகளின் சுருக்கப் பதிப்புகளைப் பிள்ளைகள் கை நிறைய எடுத்துப் போவதைப் பார்க்கிறேன். பெற்றோருக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். அந்தச் சுருக்கங்களிலும் இதே வெட்டு விழுகிறது.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1883ல் நூலாக வெளியிட்ட புதையல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் ஜான் சில்வர். கதை சொல்லும் சிறுவன் ஜிம் அவனைப் பார்ப்பதற்கு முன்பே ஒற்றைக்கால் மனிதனைக் கனவில் கண்டு அலறுகிறான். ஊனமுற்றவன் பேய் என்ற பழைய அச்சத்தை ஸ்டீவன்சன் முழுவதும் பயன்படுத்திக்கொள்கிறார். கண் தெரியாத பியூ இன்னும் கொடியவனாக வந்து குதிரைக் குளம்பின்கீழ் சாகிறான். சுருக்கப் பதிப்பில் இவையெல்லாம் இருக்கும். இல்லாமல் போவது கப்பலில் சில்வர் வேலை செய்யும் பக்கம். அவன் கப்பலின் சமையல்காரன். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் ஊன்றுகோலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பான். கடல் கொந்தளிக்கும்போது ஊன்றுகோலின் நுனியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, அதன்மேல் சாய்ந்து, தரையில் நிற்பவனைப் போல நிதானமாகச் சமைப்பான். மேல்தளத்தில் பிடிமானம் இல்லாத அகலமான இடங்களைக் கடக்க ஓரிரு கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். மாலுமிகள் அவற்றுக்கு ஜானின் காதணிகள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கயிறுகளைப் படித்த நாள் முதல் எனக்கு அந்த நாவலின்மேல் தனிப் பிரியம். வில்லனாகட்டும், கொலைகாரனாகட்டும், அவன் வேலை பார்க்க வேண்டும் என்று கப்பலையே கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சாகசக் கதையில் கைப்பிடி கட்டித் தந்திருக்கிறார்கள்! ஸ்டீவன்சனுக்கு இது எங்கிருந்து தெரிந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. எலும்புக் காசநோயால் இடக்காலை இழந்த கவிஞர் வில்லியம் எர்னெஸ்ட் ஹென்லி அவருடைய நண்பர். எடின்பரோ மருத்துவமனையில் ஹென்லி படுத்திருந்த காலத்தில் தொடங்கிய நட்பு அது. ஊனமுற்ற உடலில் இருந்த உங்கள் வலிமையையும் ஆளுமையையும் பார்த்துத்தான் சில்வர் பிறந்தான் என்று ஸ்டீவன்சனே ஹென்லிக்குக் கடிதம் எழுதினார். உடற்குறையுள்ள ஒரு நண்பனோடு பழகிய எழுத்தாளருக்குத்தான் அந்தக் கயிறுகள் கண்ணில் படும்.

டிக்கன்ஸின் 1843ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் கதையில் வரும் குட்டிப் பையன் டிம் இதற்கு நேர்மாறு. ஊன்றுகோலும் இரும்புச் சட்டமும் போட்ட அந்தப் பிள்ளை வாய்திறந்து பேசுவது மிகக் குறைவு. தேவாலயத்தில் மக்கள் தன்னைப் பார்த்திருப்பார்கள் என்று அவன் நம்புவதாகவும், முடவரை நடக்கவைத்தவரை அவர்கள் கிறிஸ்துமஸ் நாளில் நினைத்துக்கொள்வது நல்லதுதானே என்று சொன்னதாகவும் அவன் அப்பாதான் அம்மாவிடம் சொல்கிறார். செத்துப்போவானோ என்ற அச்சத்தைக் காட்டி, பிறர் திருந்துவதற்காகவே வைக்கப்பட்ட பிள்ளை. இவனுக்காக நான் வாதாட வரவில்லை. நல்ல கதை, ஆனால் இதை மட்டும் கொடுத்தால் போதாது.

ஹைடி கதையை நம்மில் பலரும் சிறு வயதில் படித்திருப்போம். சக்கர நாற்காலியில் இருந்த கிளாரா, மலைக்காற்றிலும் ஆட்டுப்பாலிலும் தேறி எழுந்து நடக்கிறாள். ஆடு மேய்க்கும் பீட்டர் பொறாமையில் அவள் நாற்காலியை மலைச்சரிவில் தள்ளி உடைத்துவிடுகிறான்; அதுவே அவளுக்கு நல்லதாகிவிடுகிறது. நாற்காலியை உடைத்தால் பிள்ளை நடப்பாள்! சிறுமியாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு என் காலிப்பரை நான் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்னிடம் மனவலிமை போதவில்லை என்றே நெடுநாள் நம்பினேன். எத்தனை வீடுகளில் இப்படி எத்தனை பிள்ளைகள் நம்பினார்களோ.

ஆனால் அதே புத்தகத்தில் பீட்டரின் பாட்டி இருக்கிறார். கண் தெரியாதவர். அவருக்கு ஹைடி கண்ணைத் திருப்பித் தரவில்லை. பாட்டிக்குத் தேவை இரண்டு. கடித்துத் தின்ன முடியாத கறுப்பு ரொட்டிக்குப் பதில் மெத்தென்ற வெள்ளை ரொட்டி. பழைய பக்திப் பாடல் நூலை யாராவது எடுத்து வாசித்துக் காட்டுவது. ஹைடி படிக்கக் கற்றுக்கொண்டு வந்து இரண்டையும் செய்கிறாள். பாட்டி கடைசிவரை கண் தெரியாதவராகவே, மகிழ்ச்சியாக இருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யும் உதவி இது. சுருக்கப் பதிப்புகளில் கிளாரா நடப்பது அட்டைப்படம் வரை வந்துவிடும். பாட்டிக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

குணமாகி எழுவது அல்லது செத்துப்போவது என்ற இந்த இரண்டு முடிவுகளைத் தமிழும் அறியும். சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூரெடுத்த காதையில் புகாரின் இலஞ்சி மன்றம் வருகிறது. "கூனும் குறளும் ஊமும் செவிடும்" அந்தப் பொய்கையில் முழுகி எழுந்தால் பழுதில்லாத உடல் பெற்றுப் போவார்களாம். மகாபாரதத்தில் எட்டுக் கோணலோடு பிறந்த அஷ்டவக்கிரர், சனகன் அவையில் வாதில் வென்று திரும்பிய பிறகு ஆற்றில் குளித்து உடல் நேராகிறார். நம் பாட்டிமார் சொன்ன கதையில் அந்தக் குளியல் வராது. கோணல் உடலைப் பார்த்துச் சிரித்த அவையை அவர் அறிவால் நாணச் செய்ததோடு கதை முடிந்துவிடும். சுருக்குவதில் நன்மையும் நேரலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். சிங்கப்பூரில் எந்தக் குளமும் என்னைக் குணப்படுத்தவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய அடுக்குமாடிகளில் முன்பு மின்தூக்கி சில மாடிகளில் மட்டும் நின்றது. மீதிப் படிகளை ஏறியாக வேண்டியிருந்தது. 1987ல் எம்ஆர்டி என்ற பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக அது திட்டமிடப்படவில்லை. பிறகு நிலையங்களில் மின்தூக்கிகள் வந்தன. 2001ல் அறிமுகமான மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தால் பழைய கட்டடங்கள் பலவற்றில் எல்லா மாடியிலும் கதவு திறந்தது. 2020ஆம் ஆண்டு முடிவதற்குள் பொதுப் பேருந்துகள் அனைத்திலும் சக்கர நாற்காலியோடு ஏற முடிந்தது. என் கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. நான் தேக்காவுக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன். கிளாராவுக்குக் கிடைத்த முடிவும் டிம்முக்கு அஞ்சிய முடிவும் இல்லாத மூன்றாவது முடிவு இது. இந்தத் தீவில் வளரும் பிள்ளைக்கு அது தினமும் கண்ணில் படுகிறது, கையில் இருக்கும் புத்தகத்தில் மட்டும் படுவதில்லை.

தேடினால் செவ்வியலிலும் அது கிடைக்கும். எச். ஜி. வெல்ஸ் 1904ல் எழுதிய பார்வையற்றோர் நாட்டைப் பற்றிய சிறுகதையை உயர்நிலை மாணவர்களோடு படித்துப் பாருங்கள். ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகக் கண் தெரியாதவர்களே வாழும் பள்ளத்தாக்கு. வழிதவறி அங்கே விழுந்த பார்வையுள்ளவன், ஒற்றைக்கண்ணனே இங்கே அரசன் என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டு இறங்குகிறான். ஆனால் வீடுகளுக்குச் சன்னல் இல்லை. பாதை ஒவ்வொன்றின் ஓரத்திலும் தடவி அறியத் தனித்தனி வெட்டுக்குறி உண்டு. குளிர்ந்த இரவில் வேலை, வெயிலில் உறக்கம். அந்த ஊரில் தடுமாறுகிறவன் அவன்தான். கடைசியில் அவன் கண்களை எடுத்துவிட்டால் தெளிந்துவிடுவான் என்று ஊர் மருத்துவர் முடிவு செய்கிறார். எம்ஆர்டி நிலையத் தரையில் பதித்த புடைப்புக் கோடுகளின்மேல் ஓடி விளையாடும் பிள்ளைகள் இந்தக் கதையைப் படித்தால் அவை எதற்கு என்று கேட்பார்கள்.

பழைய நூல்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு வரியையும் நீக்கச் சொல்லவில்லை, ஒரு நூலையும் ஒதுக்கச் சொல்லவில்லை. மென்மையான சொற்களைப் போட்டு மாற்றி எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்பது இன்னும் அதிகமாகப் படிக்க வேண்டும் என்று. கலித்தொகை 94ஆம் பாட்டில் அரண்மனையில் வேலை செய்யும் கூனியும் குறளன் என்னும் குள்ளனும் காதல் பேசுகிறார்கள். ஒருவர் உடலை ஒருவர் கேலி செய்து சண்டை போடுகிறார்கள், பிறகு சமாதானமாகி, பார்ப்பவர் சிரிப்பார்களே என்று சோலைப் பக்கம் ஒதுங்குகிறார்கள். பாடிய புலவர் நம்மைச் சிரிக்கவைக்கத்தான் பாடினாரோ என்னவோ. ஆனாலும் அவர்களுக்கு ஆசை உண்டு, வாய்த்துடுக்கு உண்டு, யார் சிரிப்பார்கள் என்ற கூச்சமும் உண்டு. வாசகர் வட்டத்தில் பெரியவர்கள் மட்டும் கூடும் நாளில் இதைப் படித்தால் என்ன?

பொன்னியின் செல்வனைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை, 2022லும் 2023லும் திரைக்கு வந்தபின் இங்கே இளையவர்கள் பலரைத் தமிழ் நாவல் பக்கம் திருப்பியது. வட்டங்களில் வந்தியத்தேவனையும் குந்தவையையும் நந்தினியையும் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். ஊமை ராணி என்று கதை அழைக்கும் மந்தாகினியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்து, பாவம் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவள் யார்? காது கேளாத, வாய் பேசாத பெண். காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைக் காப்பாற்றியவள். ஈழத்துக் காடுகளில் தன்னந்தனியாகத் திரிந்து, ஆபத்து வரும் இடமெல்லாம் முன்கூட்டி வந்து நிற்பவள். தன் கதையைச் சித்திரங்களாக எழுதிவைத்து அருள்மொழிக்குக் காட்டுகிறாள். கல்கி அந்த அத்தியாயத்துக்கே 'சித்திரங்கள் பேசின' என்று தலைப்பு வைத்தார். பூங்குழலி அவளோடு சைகையில் சரளமாகப் பேசுகிறாள். அதாவது பேச முடியாதவளுக்கு மொழி இருக்கிறது, அந்த மொழி தெரிந்த உறவுக்காரி இருக்கிறாள், கற்றுக்கொள்ள விரும்பும் இளவரசன் இருக்கிறான். கடைசியில் சுந்தர சோழர்மேல் வந்த வேலைத் தன் உடலில் வாங்கிக்கொண்டு சாகிறாள். பிறருக்காகச் சாவது என்ற பழைய முடிவு அவளையும் விடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அதனால் இன்னொருத்தியைக் காட்டுகிறேன். சேந்தன் அமுதனின் தாய் வாணி அம்மை. மந்தாகினியின் தங்கை. அவருக்கும் காது கேளாது, பேச்சு வராது. அவரைச் சுற்றி மர்மம் எதுவும் இல்லை. தஞ்சைக் கோட்டைக்கு வெளியே நந்தவனத்துக் குடிசையில் பூக்கட்டி, மகனுக்குச் சமைத்து, வந்த விருந்தாளி வந்தியத்தேவனுக்கு இலை போடுகிறார். மகனும் தாயும் சைகையில் பேசிக்கொள்வது அந்த வீட்டில் வியப்பே இல்லை. தமிழ் நாவல்களில் நான் மிகவும் மதிக்கும் உடற்குறையுள்ள பாத்திரம் இந்த அம்மாதான். வாசகர் வட்டங்களில் இவர் பெயரை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை. அடுத்த முறை பொன்னியின் செல்வனை எடுக்கும்போது ஒரு மாலைப்பொழுதை இந்த இரு சகோதரியருக்கும் கொடுங்கள்.

அப்படிப் பேசும்போது அறையில் காது கேளாதவர் ஒருவர் இருந்தால் பேச்சே மாறிவிடும். என் இரண்டாவது கவலை இது. விக்தோர் ஹ்யூகோ 1831ல் எழுதிய பாரிஸ் தேவாலய நாவலில், மணியடித்து மணியடித்தே காது போன குவாசிமோதோவை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். விசாரிக்கும் நீதிபதிக்கும் காது கேளாது. ஆனால் அவர் அங்கியும் பதவியும் அதை மறைத்துவிடுகின்றன. கேட்காத கேள்விக்கு வராத பதிலைக் கேட்டதாக வைத்துக்கொண்டு விசாரணை நடக்கிறது. எழுத்தர் இரக்கப்பட்டு, இவனுக்குக் காது கேளாது ஐயா என்று நீதிபதியின் காதருகே சொல்கிறார். அதுவும் சரியாகக் கேட்காமல், அப்படியா, அதற்கு இன்னொரு மணி நேரம் சேர்த்துக் கட்டிவையுங்கள் என்கிறார் நீதிபதி. மன்றம் சிரிக்கிறது. உடற்குறை ஒன்றுதான்; பதவி இருப்பவனுக்கு அது குறையாகவே எண்ணப்படவில்லை, ஏழைக்குக் கசையடியாகிறது. சிறுவர் பதிப்புகளில் இந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள்.

நம் கூட்டங்களில் எங்களைப் பற்றிப் பேசப்படுகிறது; நாங்கள் அங்கே இருப்பது அரிது. தனித்தேவை உள்ள பிள்ளைகள் சிலருக்குப் பள்ளியில் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கொடுக்கப்படுகிறது. பல குடும்பங்களுக்கு அது தேவையான நிம்மதி. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கூனியின் கதை நடத்தப்படும் தமிழ் வகுப்பில், அதற்குப் பதில் சொல்லக்கூடிய பிள்ளை உட்கார்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. தேர்வு இல்லாத, மதிப்பெண் இல்லாத உங்கள் கதை நேரத்துக்கு அந்தப் பிள்ளைகளை அழைக்கலாம். எழுத்து வராத பிள்ளைக்கும் கதை கேட்க வரும்.

கண் தெரியாத ஒரு வாசகர் வர விரும்பினால் உங்கள் பக்கத்து வேலை பெரிதல்ல. அடுத்த கூட்டத்துக்கான சிறுகதையை நகலெடுத்த படமாக அனுப்பாமல் யூனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பினால் அவருடைய கைப்பேசியே அதைப் படித்துச் சொல்லும். படமாக வந்த பக்கமும் பழைய எழுத்துருவில் வந்த பக்கமும் அவருக்கு வெறும் தாள். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றப் பதிப்புரிமை தடையாகக் கூடாது என்று 2013ல் மராகேஷில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. சிங்கப்பூர் 2015ல் அதில் சேர்ந்தது. சட்டம் இடம் கொடுத்துவிட்டது. தட்டச்சு செய்ய ஆள்தான் வேண்டும், அதற்கு நம் வட்டங்களில் ஓய்வுபெற்றவர்கள் போதுமான அளவு இருக்கிறோம். 2023ல் திறந்த பொங்கோல் வட்டார நூலகம் உடற்குறையுள்ளோருக்கான வசதிகளை எண்ணியே கட்டப்பட்டது. கூட்டம் நடத்த அப்படிப்பட்ட இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

அழைக்கும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளராக எங்களை அழைப்பவர்கள் உண்டு. மாலை போட்டு, கதை கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அன்று எந்த நூலைப் படிப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் எங்களுக்கு இடம் தந்தவர்கள் குறைவு. டிம்மைப் போல மேடையோரத்தில் இருந்து இருந்து அலுத்துவிட்டது. தேர்வுக் குழுவில் ஒருவருக்கு இடம் கொடுங்கள். எந்தக் கதை நல்லது என்று நாங்களும் உங்களோடு சண்டை போடுகிறோம்.

வரும் ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு மந்தரையை மேடையேற்ற நினைக்கும் குழு இருந்தால், கிட்கிந்தா காண்டத்துப் பாட்டைக் கடைசிக் காட்சியாக எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஒத்திகைக்கும் வருகிறேன். மந்தரைக்குத் தலையணை தேவைப்படாது. உண்டைவில் ஒன்று தேவைப்படும். எந்த வட்டமாவது இரண்டு படலங்களையும் சேர்த்துப் படிக்கக் கூட்டம் வைத்தால் அங்கேயும் வருவேன். அறைக்குப் படியில்லாத வழி எது என்பதை மட்டும் அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். என்னைப் போல இன்னும் சிலரும் அதைப் பார்த்துவிட்டு வரக்கூடும்.

அன்புடன்,
உங்கள் வாசகி ஒருத்தி
தோ பாயோ, சிங்கப்பூர்